எவர்ட்டன்: புள்ளிப்பட்டியலையே சந்தேகத்தோடு பார்க்க வைத்த கிளப்

"புது மைதானம் வந்தாச்சு, புது முதலாளி வந்தாச்சு, பழைய மேலாளர் மோய்ஸும் திரும்பிட்டார். இப்ப எவர்ட்டன் பக்கம் வரலாமா?" என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். வா, வேண்டாம் என்று ஒரே சொல்லில் முடிக்க மனம் வரவில்லை.

அடிப்படை விவரமெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். 1878இல் தொடங்கிய லிவர்பூல் நகரத்து கால்பந்து கிளப். 9 லீக் பட்டங்கள், நாடு முழுக்க நடக்கும் நாக்அவுட் போட்டியான எஃப்.ஏ. கோப்பை 5 முறை. 1954 முதல் ஒருமுறைகூட முதல் டிவிஷனை விட்டு இறங்கியதில்லை. 1995இல் பால் ரைட்அவுட் தலையால் முட்டிய கோலில் மான்செஸ்டர் யுனைடெட்டை வீழ்த்தி எஃப்.ஏ. கோப்பையை வென்றார்கள். அதன் பிறகு பெரிய கோப்பை எதுவும் வரவில்லை. கோப்பை வராததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இங்கிலாந்தில் பெரும்பாலான கிளப் ரசிகர்கள் அப்படித்தான் காலத்தை ஓட்டுகிறார்கள். எனக்கு இன்றுவரை ஆறாத கோபம் வேறொன்றில் இருக்கிறது. மைதானத்தில் ஓடி, வியர்வை சிந்தி எடுத்த புள்ளி பட்டியலில் நிற்குமா நிற்காதா என்று தெரியாமல் ஒரு சீசன் முழுக்க ஆட்டம் பார்க்க வேண்டியிருந்தது.

2023 நவம்பர் 17. அன்று காலை வரை எவர்ட்டன் 12 ஆட்டங்களில் 14 புள்ளிகளோடு 14ஆம் இடத்தில் இருந்தது. மேலாளர் ஷான் டைச் அணியை மெதுவாக நிமிர்த்திக்கொண்டிருந்த நேரம். சுயேச்சைக் குழு ஒன்று தீர்ப்புச் சொல்லி 10 புள்ளிகளைப் பறித்தது. மாலைக்குள் 4 புள்ளி, 20 அணிகளில் 19ஆம் இடம். கடைசி மூன்று அணிகள் கீழ் டிவிஷனுக்குத் தரமிறக்கப்படும். முதல் டிவிஷனான பிரீமியர் லீக்கின் வரலாற்றில் அதுவரை எந்த கிளப்புக்கும் இவ்வளவு பெரிய வெட்டு விழுந்ததில்லை.

காரணம், ரசிகர்கள் வாயில் பி.எஸ்.ஆர். என்று புழங்கும் லாப-நிலைத்தன்மை விதி. அன்றைய விதிப்படி, மூன்று ஆண்டுக் கணக்கைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு கிளப்பின் நட்டம் 10.5 கோடி பவுண்டைத் தாண்டக் கூடாது. அதிலும் பெரும்பகுதியை முதலாளி பங்குப் பணமாகப் போட்டு ஈடுகட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் அனுமதி வெறும் 1.5 கோடிதான். இளைஞர் அகாடமி, பெண்கள் அணி, ஊர்ப் பணிகள், மைதானக் கட்டுமானம் ஆகியவற்றுக்கான செலவு இந்தக் கணக்கில் சேராது. கொரோனா காலத்துக்காக 2019-20, 2020-21 இரண்டையும் சராசரி எடுத்து ஒரே ஆண்டாக வைத்துக்கொண்டார்கள். இத்தனை சலுகைக்குப் பிறகும் 2021-22 வரையிலான கணக்கில் எவர்ட்டனின் நட்டம் 12.45 கோடியில் நின்றது. எல்லையைத் தாண்டியது 1.95 கோடி.

நியாயமாகச் சொன்னால் கிளப் தப்பே செய்யவில்லை என்று நான் வாதாட மாட்டேன். 2018-19இல் 11.18 கோடி, 2019-20இல் 13.99 கோடி, 2020-21இல் 12.09 கோடி பவுண்டு என்று அடுத்தடுத்து நட்டம் வந்த கிளப் இது. 2020-21இல் வந்த வருமானத்தில் 100க்கு 95 பவுண்டு சம்பளத்துக்கே போனது. முந்தைய முதலாளி ஃபர்ஹாத் மொஷிரி 2016 பிப்ரவரியில் உள்ளே வந்ததிலிருந்து 2023 ஜனவரிக்குள் மார்ட்டினெஸ், கூமன், அலர்டைஸ், சில்வா, அன்செலோட்டி, பெனிடெஸ், லாம்பார்ட், டைச் என்று எட்டு மேலாளர்கள். ஒவ்வொருவரும் தனக்கு வேண்டிய ஆட்களை வாங்கச் சொன்னார்கள். அடுத்தவர் வந்ததும் அவர்களை ஓரங்கட்டினார். 2017 கோடையில் ரோமலு லுகாக்குவை விற்றுவிட்டு, அவர் இடத்துக்குச் சரியான ஸ்ட்ரைக்கர் இல்லாமல், ரூனி, கிளாசன், சிகுர்ட்சன் என்று ஒரே இடத்தில் ஆடும் மூவரைக் கொண்டுவந்தார்கள். சிகுர்ட்சனுக்கு மட்டும் சுமார் 4.5 கோடி. கணக்கு இடித்ததற்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

இதைப் புரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்கு தெரிந்திருந்தால் போதும். ஆட்டக்காரரை 4.5 கோடி கொடுத்து 5 ஆண்டு ஒப்பந்தத்தில் எடுத்தால், ஏட்டில் அந்தச் செலவு ஆண்டுக்கு 90 லட்சமாகப் பிரித்து எழுதப்படும். இரண்டு ஆண்டு கழித்து அவர் ஏட்டு மதிப்பு 2.7 கோடி. அப்போது 2 கோடிக்கு விற்றால் 70 லட்சம் நட்டம். ஆனால் அகாடமியில் வளர்ந்த பையனுக்கு வாங்கிய விலை என்று எதுவும் இல்லாததால் ஏட்டு மதிப்பு பூஜ்யம். விற்ற பணம் முழுக்க லாபம். 2023 ஜனவரியில் ஆண்டனி கோர்டன் நியூகாசிலுக்குப் போனது இந்தக் கணக்கின் பின்னணியில்தான். வேகமும் துணிச்சலும் உள்ள, சொந்த ஊர்ப் பையன். சுமார் 4 கோடிக்குப் போனார். தரமிறங்கும் ஆபத்தில் நின்ற அணி தன் கூர்மையான ஆட்டக்காரரை சீசன் நடுவில் விற்றது. கிளப்புகள் கைமீறிச் செலவு செய்யக் கூடாது என்று வந்த விதி, வீட்டில் வளர்த்த பிள்ளையை முதலில் விற்கச் சொல்கிறது. இது எவர்ட்டனுக்கு மட்டும் நேர்ந்ததல்ல, எந்த கிளப்பின் ரசிகரைக் கேட்டாலும் இதே வயிற்றெரிச்சலைத்தான் சொல்வார்.

தப்புக்குத் தண்டனை வேண்டும், சரி. அளவுதான் என்னால் ஏற்க முடியாதது. பிரீமியர் லீக் விதிப்படி ஒரு கிளப் திவாலாகி நிர்வாகியிடம் போனால் வெட்டு 9 புள்ளி. 2010இல் போர்ட்ஸ்மவுத்துக்கு அதுதான் நடந்தது. கடன் கொடுத்தவர்களுக்குப் பணம் தர முடியாமல் கையை விரித்த கிளப்புக்கு 9, எல்லையை 1.95 கோடி தாண்டிய கிளப்புக்கு 10. அடுத்த 2024 மார்ச்சில் நாட்டிங்காம் ஃபாரஸ்ட் தன் எல்லையை 3.45 கோடி தாண்டியதற்கு 4 புள்ளி. விசாரணைக்கு நன்றாக ஒத்துழைத்தார்கள் என்று அவர்களுக்கு 2 புள்ளி குறைத்ததை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரே சீசனில், ஒரே விதிக்கு, தராசு இவ்வளவு ஆடினால் எதை நம்புவது?

மேல்முறையீட்டில் 2024 பிப்ரவரி 26 அன்று 10 என்பது 6 ஆனது. புது மைதானம் தொடர்பான கடன் விஷயத்தில் கிளப் ஒளிவுமறைவோடு நடந்ததாக முதல் குழு முடிவு செய்தது தவறு, கீழ் டிவிஷன்களில் புழங்கும் தண்டனை அளவுகோல்களைக் கணக்கில் எடுக்காததும் தவறு என்று மேல்முறையீட்டுக் குழு சொன்னது. அது ஒரு திங்கட்கிழமை. யாரும் பந்தைத் தொடாமலேயே அணி 17இலிருந்து 15ஆம் இடத்துக்கு ஏறியது. மகிழ்ச்சி வரவில்லை. மூன்று மாதமாக நாம் பார்த்த பட்டியல் பொய் என்று அன்றுதான் உறுதியானது.

இன்னும் கசப்பானது ஏப்ரல். டிசம்பர் பிற்பகுதியிலிருந்து 13 லீக் ஆட்டங்கள் வெற்றியே இல்லாமல் போய், ஏப்ரல் 6 அன்று பர்ன்லியை 1-0 என்று வென்று 3 புள்ளி எடுத்தார்கள். ஏப்ரல் 8 அன்று, 2022-23 வரையிலான அடுத்த கணக்கில் 1.66 கோடி தாண்டியதற்காக 2 புள்ளி பறித்தார்கள். அந்த இரண்டு கணக்குகளிலும் பெரும்பாலும் அதே ஆண்டுகள்தான் அடங்கியிருந்தன. சனிக்கிழமை உழைத்து எடுத்த மூன்றில் திங்கட்கிழமை மிச்சம் ஒன்று. மைதானக் கடன் வட்டி பற்றிய பாக்கி விவகாரம் 2025 ஜனவரியில்தான் ஒருவழியாக மூடப்பட்டது.

அந்த சீசனைப் பின்தொடர்ந்தவர்கள் எல்லாரும் கைவசம் இரண்டு கணக்கு வைத்திருந்தார்கள்: மைதானத்தில் எடுத்தது, பட்டியலில் இருப்பது. வெட்டு புள்ளியில் மட்டும்தான், கோல் வித்தியாசத்தைத் தொடாது. ஆகவே சமபுள்ளியில் நிற்கும் அணிகளோடு ஒப்பிடும்போது கோல் வித்தியாசத்தை முதலில் பாருங்கள். கடைசிக் கணக்கு இது: 13 வெற்றி, 9 டிரா, 16 தோல்வி, 48 புள்ளி. பட்டியலில் 40, 15ஆம் இடம். அடுத்த 2024-25 சீசனிலும் சரியாக 48 எடுத்தார்கள். யாரும் கைவைக்காததால் 13ஆம் இடம். டைச் போய் 2025 ஜனவரியில் மோய்ஸ் வந்தபோது தரமிறக்கக் கோட்டுக்கு ஒரே ஒரு புள்ளி மேலே இருந்த அணி அது.

புள்ளி பறிபோன அந்த 2023-24 சீசனில்தான் இந்த கிளப் எப்படிப்பட்டது என்பதும் தெரிந்தது. 10 புள்ளி போன பிறகு வந்த டிசம்பரில் ஃபாரஸ்ட், நியூகாசில், செல்சி, பர்ன்லி என்று தொடர்ந்து நான்கு வெற்றி, 8 கோல் போட்டு ஒன்றுகூட வாங்காமல். ஏப்ரல் 15 அன்று செல்சியிடம் 0-6 என்று சிதறியவர்கள், 21ஆம் தேதி ஃபாரஸ்டை 2-0, 24ஆம் தேதி லிவர்பூலை 2-0, 27ஆம் தேதி பிரென்ட்ஃபோர்டை 1-0. ஒரே வாரம், மூன்றும் சொந்த மைதானத்தில், மூன்றிலும் கோல் வாங்கவில்லை. அப்போதைய சொந்த மைதானமான குடிசன் பார்க்கில் லிவர்பூலை வென்றது 2010க்குப் பிறகு அதுவே முதல் முறை. வெட்டு விழுந்த அணியை அதன் ரசிகர்கள் தோளில் தூக்கி நிறுத்தினார்கள் என்பதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. தீர்ப்புக்குப் பிறகு வந்த முதல் ஆட்டத்தில், யுனைடெட்டுக்கு எதிராக, மைதானம் முழுக்க எதிர்ப்பாக இளஞ்சிவப்பு அட்டையைத் தூக்கிப் பிடித்துக் கத்திய கூட்டம் அது. 0-3 என்று தோற்றபோதும் குரல் இறங்கவில்லை.

குடிசன் பற்றி ஒரு பத்தியாவது எழுதாமல் போனால் பாவம். 1892இல், அதுவரை ஆடிய ஆன்ஃபீல்டு மைதானத்தின் வாடகைத் தகராறில் வெளியேறி கட்டிக்கொண்ட மைதானம். ஆன்ஃபீல்டு காலியானதால்தான் அங்கே லிவர்பூல் கிளப்பே பிறந்தது. ஆர்ச்சிபால்ட் லீச் வடிவமைத்த குறுக்குநெடுக்கு இரும்புச் சட்டங்கள், மூலையில் எட்டிப்பார்க்கும் செயின்ட் லூக் தேவாலயம், மரப்பலகை இருக்கைகள். 1966 உலகக் கோப்பையில் வட கொரியாவிடம் 0-3 என்று பின்தங்கிய போர்ச்சுகலை யூசேபியோ நான்கு கோல் போட்டு 5-3 என்று மீட்டது இந்தப் புல்லில்தான். தூண்கள் மறைக்கும், நிறைய இருக்கைகளிலிருந்து ஒரு கோல்முனை பாதிதான் தெரியும். ஆனால் கூரை தாழ்வு, ஸ்டாண்டு பக்கத்திலேயே, அதனால் சத்தம் வெளியே போகாது. முரசும் குழலும் சேர்ந்த, 'இசட் கார்ஸ்' என்ற பழைய டிவி தொடரின் இசை ஒலிக்க அணி வெளியே வரும்போது பலகைத் தரை அதிரும். 2025 மே 18 அன்று சவுத்தாம்டனை 2-0 என்று வென்று ஆண்கள் அணி அங்கிருந்து விடைபெற்றது. இரண்டும் இலிமான் என்டியாய் போட்டது. இடித்துத் தள்ளாமல் பெண்கள் அணிக்குக் கொடுத்தது கிளப் சமீபத்தில் எடுத்த மிக நல்ல முடிவு.

புது மைதானம் மெர்சி ஆற்றங்கரையில், பிராம்லி-மூர் துறையை மணல் கொட்டி நிரப்பிக் கட்டியது. பெயர் ஹில் டிக்கின்சன் ஸ்டேடியம், 52,000க்கு மேல் இருக்கை. தெற்குப் பக்கம் ஒரே அடுக்காகச் செங்குத்தாக ஏறும் ஸ்டாண்டு. பாட்டு கேட்க வேண்டுமென்றால் அங்கே டிக்கெட் தேடுங்கள். பார்வையை மறைக்கும் தூண் கிடையாது. 2025 ஆகஸ்ட் 24 அன்று பிரைட்டனை 2-0 என்று வென்று தொடங்கினார்கள். முதல் கோல் அதே என்டியாய். ஜோர்டன் பிக்ஃபோர்டு ஒரு பெனால்டியையும் தடுத்தார். சத்தம் போய்விடும் என்று நானும் அஞ்சினேன். போகவில்லை. இந்த ஒன்றில் நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே அமைந்துவிட்டது.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயம். ரயிலில் வந்து லிவர்பூலின் லைம் ஸ்ட்ரீட் நிலையத்தில் இறங்குபவர்கள் செய்யும் தவறு, அங்கேயே பூமிக்கடி ரயிலைத் தேடுவது. அது வேறு வழித்தடம். சென்ட்ரல் அல்லது மூர்ஃபீல்ட்ஸ் நிலையத்துக்கு நடந்து, அங்கிருந்து நார்தர்ன் லைனில் சாண்ட்ஹில்ஸ் போக வேண்டும். மூர்ஃபீல்ட்ஸிலிருந்து அடுத்த நிறுத்தமே அது. இறங்கி கால் மணி நேரம் நடை. சாண்ட்ஹில்ஸ் நடைமேடை சிறியது, ஆகவே ஆட்டம் முடிந்ததும் வெளியே வரிசை கட்டித்தான் உள்ளே விடுவார்கள். உடம்புக்கு முடிந்தால் அந்த வரிசையில் நிற்காமல் துறைமுகக் கருங்கல் சுவரை ஒட்டி நகரத்துக்கு நடந்துவிடுங்கள், அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடும். ஆற்றுக் காற்று ஊசிபோல் குத்தும். ஏப்ரலிலும் காது மூடும் தொப்பி எடுத்துப் போங்கள். டிக்கெட்டுக்கு முதலில் கிளப் உறுப்பினர் அட்டை, பிறகு உறுப்பினர் விற்பனை, அதுவும் இல்லையென்றால் கிளப்பின் மறுவிற்பனைப் பக்கம். வெளியாள் விற்கும் டிக்கெட்டைத் தொடாதீர்கள். அனுமதியில்லாமல் கால்பந்து டிக்கெட் மறுவிற்பனை செய்வது இங்கிலாந்தில் 1994 முதல் குற்றம். வெளியூர் ஆட்டங்களுக்கு ரசிகர் டிக்கெட் 30 பவுண்டுக்கு மேல் போகாது என்பது 2016 முதல் உள்ள உச்சவரம்பு. லீக் உருப்படியாகச் செய்த காரியங்களில் அது ஒன்று.

முக்கியமான இன்னொன்று: ஜூனில் வரும் ஆட்ட அட்டவணையை நம்பி விமானமோ ரயிலோ பதிவு செய்யாதீர்கள். டிவிக்காக நாளும் நேரமும் மாறும், சில வாரங்களுக்கு முன்தான் உறுதியாகும். சனி 3 மணி என்று இருந்தது திங்கள் இரவு 8 ஆகிவிடும்.

வீட்டிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. இங்கிலாந்தில் சனிக்கிழமை பகல் 2.45 முதல் 5.15 வரை நேரலைக் கால்பந்து ஒளிபரப்பக் கூடாது. மைதானத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருப்பவர் டிக்கெட் இல்லாவிட்டால் ரேடியோதான் கேட்க வேண்டும். இந்தத் தடை வெளிநாடுகளுக்குக் கிடையாது. சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் அந்த 3 மணி ஆட்டம் கோடையில் இரவு 7.30க்கும், அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் மார்ச் கடைசி ஞாயிறு வரை 8.30க்கும். சாப்பிடும் நேரம், அருமையான நேரம். சனி இரவு 8 மணி ஆட்டம்தான் கொடுமை, நமக்கு நள்ளிரவு 12.30 அல்லது 1.30.

சரி, வரலாமா? மைதானம் அற்புதம், ரசிகர்கள் தங்கம், 2024 டிசம்பரில் ஃப்ரீட்கின் குழுமம் வாங்கிய பிறகு நிர்வாகமும் அடங்கி நடக்கிறது. இத்தனையும் எழுதிய கையால் சொல்கிறேன்: வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நிம்மதியாகப் பட்டியலைப் பார்த்துவிட்டுத் தூங்க நினைப்பவர் வேறு கிளப்பைப் பாருங்கள். பறித்த 8 புள்ளியை யாரும் திருப்பித் தரப்போவதில்லை, என் கோபமும் இறங்கப்போவதில்லை. 2026-27 முதல் விதி மாறி, வருமானத்தில் 85 சதவீதத்துக்கு மேல் அணிக்குச் செலவிடக் கூடாது என்று வருகிறது. அதையும் முதல் நாளிலிருந்தே கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். கிளப்பின் கணக்கு ஜூன் 30 வரை. மார்ச் கடைசிக்குள் நிறுவனங்களின் அரசுப் பதிவகத்தில் ஏறிவிடும், யாரும் காசில்லாமல் படிக்கலாம். படிப்பவர்கள் மூன்று வரி பார்த்தால் போதும்: வருமானத்தில் சம்பளத்தின் பங்கு, ஆட்டக்காரர் விற்பனை லாபம், கட்டிய வட்டி.

அப்படியும் வந்தே தீருவேன் என்பவர்கள் பட்டம் வென்ற பழைய ஆட்டங்களில் தொடங்காதீர்கள். இதில் தொடங்குங்கள்: 2022 மே 19, குடிசன், எதிரணி கிரிஸ்டல் பேலஸ். முதல் பாதியில் 0-2. தோற்றால் தரமிறக்கக் கத்தி கழுத்தில். 54ஆம் நிமிடம் மைக்கேல் கீன், 75ஆம் நிமிடம் ரிச்சர்லிசன். 85ஆம் நிமிடம் டெமராய் கிரே ஃப்ரீகிக் எடுக்கிறார், கால்வர்ட்-லூவின் பாய்ந்து விழுந்து தலையால் முட்டுகிறார். சத்தத்தைக் கூட்டி வைத்துப் பாருங்கள்.